ஒரு செபம், இரண்டு எழுத்து: கோவாவின் பங்குப் பள்ளிகளும் கொங்கணியும்

1542 மே மாதத்தில் பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் வந்திறங்கினார். கையில் ஒரு மணியுடன் தெருத்தெருவாக நடந்து, சிறுவர்களையும் அடிமைகளையும் அழைத்துவந்து செபமாலை அன்னை ஆலயத்தில் மறைக்கல்வி கற்பித்தார். விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் பாடிப் பழகும் பாடங்களாயின. அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்குச் சென்றபோதும் அதே முறையையே கையாண்டார். உள்ளூர்த் துணையாளரைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சிறுவர்கள் அவற்றை வீட்டுப் பெரியவர்களிடமும் நோயாளிகளிடமும் கொண்டுசேர்த்தனர். குழந்தை பாடிக் கற்பது, கற்றதை வீட்டுக்கு எடுத்துச் செல்வது என்பதே பின்னாளின் பங்குப் பள்ளிகளுக்கும் அடித்தளம். ஆனால் குழந்தை எந்த மொழியில் செபிப்பது என்னும் கேள்விக்குக் கோவா நான்கரை நூற்றாண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறது.

தொடக்கத்தில் விடை எளிதாகவே இருந்தது. போர்த்துகலில் மார்க்கோஸ் ஜோர்ஜ் என்னும் இயேசு சபைத் துறவி, சிறுவர்களுக்காக ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில் ஒரு மறைக்கல்வி நூலை எழுதினார். அதை அண்ட்ரிக்கு அடிகளார் தமிழாக்க, 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்று அச்சேறியது. அதே நூலைத் தழுவித் தோமஸ் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேயத் துறவி கொங்கணியில் எழுதியது, அவர் மறைவுக்குப் பின் 1622இல் கோவாவின் ராச்சோலில் அச்சானது. தமிழ்ச் சிறுவனும் கொங்கணிச் சிறுவனும் ஒரே வினாவிடையைத் தத்தம் தாய்மொழியில் ஒப்புவித்தனர். வேறுபாடு எழுத்தில் இருந்தது. தமிழ் நூல் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. கொங்கணி நூலோ உரோமன் எழுத்தில் வெளிவந்தது. உள்ளூர் எழுத்துகளை வார்க்க வேண்டும் என்று ஸ்டீபன்ஸ் விரும்பியும் அது கைகூடவில்லை. அச்சகத்தில் நேர்ந்த இந்தக் குறை, பின்னர் ஒரு சமூகத்தின் அடையாளமாகவே நிலைபெற்றது.

இந்த வரலாற்றில் வன்முறையின் பக்கமும் உண்டு. பெற்றோரை இழந்த இந்துக் குழந்தைகளைப் புனித பவுல் கல்லூரியில் ஒப்படைத்துத் திருமுழுக்களித்துக் கற்பிக்க வேண்டுமென்று 1559இல் அரசாணை பிறந்தது. 1684 ஜூன் 27 அன்று அரசப் பிரதிநிதி ஆல்வோர் பிரபு மற்றோர் ஆணை பிறப்பித்தார். மூன்றாண்டுகளுக்குள் மக்கள் அனைவரும் கொங்கணியைக் கைவிட்டுப் போர்த்துகீசு பேசவேண்டும். பங்குக் குருக்களும் பள்ளி ஆசிரியர்களும் போர்த்துகீசிலேயே கற்பிக்கவேண்டும் என்றது அது. தாய்மொழியில் செபம் கற்பித்த அதே பள்ளிகளே தாய்மொழியை அகற்றும் கருவியாக வேண்டும் என்று ஆள்வோர் எதிர்பார்த்தனர். ஆணை நிறைவேறவில்லை. எனினும் கொங்கணி கற்றோர் மொழியன்று, ஏவலர் மொழி என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது.

அந்தப் போராட்டத்தின் தடம் கோவாக் கத்தோலிக்கரின் சொற்களில் இன்றும் காணக்கிடைக்கிறது. ஆலயம் ‘இகொர்ஜ்’, பள்ளி ‘இஸ்கொல்’, திருப்பலி ‘மிஸ்’, சிலுவை ‘குரீஸ்’. இவை யாவும் போர்த்துகீசு வழிவந்தவை. ஆனால் அருள் ‘குர்பா’, விண்ணகம் ‘சொர்க்’, விசுவாசம் ‘பாவார்த்’. மங்கள வார்த்தைச் செபமோ ‘நமன்’ என்னும் பழஞ்சொல்லைத் தாங்கி ‘நொமான் மோரியே’ என்று தொடங்குகிறது. கண்ணால் காணும் அமைப்புகளுக்கு ஆண்டவரின் மொழியிலும், உள்ளத்தில் உணர்வனவற்றுக்கு மண்ணின் மொழியிலும் பெயர் அமைந்தது.

பங்குப் பள்ளி தந்த மற்றொரு கொடை இசை. ஆலயத்தின் இசை ஆசிரியர் சிறுவர்களுக்கு மறைக்கல்வியோடு சுரம் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்பித்தார். மாலைப் புகழ்மாலைகளுக்கும் தவக்கால மொட்டெட்டுகளுக்கும் பாடகர்கள் இவ்வாறுதான் உருவாயினர். பம்பாய்த் திரையிசைக்குப் பெரும்பங்காற்றிய கோவா இசைக்கலைஞர்கள் பலரின் வேர் இங்கேயே இருக்கிறது. 1977இல் வெளிவந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தின் புகழ்பெற்ற பாடலில் பெயர் இடம்பெற்ற அந்தோணி கொன்சால்வஸ், மஜோர்டா ஊரின் ஆலய இசை ஆசிரியருடைய மகன்.

பள்ளிச் சிறுவரின் ஆண்டும் பங்கின் விழாக்களோடு பின்னியது. ஜூன் 24இல் கிணறுகள் நிறைந்திருக்கும் மழைக்காலத்துப் புனித யோவான் விழா, ஆகஸ்டில் முதல் நெற்கதிரை மந்திரிக்கும் அறுவடை விழா, நவம்பர் 24இல் தொடங்கும் சவேரியார் நவநாளும் டிசம்பர் 3இல் அவர் திருவிழாவும், பின்னர் கிறிஸ்துமஸ் குடில். மந்திரித்த கதிர் வீட்டுப் பீடத்துக்குச் செல்கிறது. உழவனின் நாட்காட்டியும் திருச்சபையின் நாட்காட்டியும் சிறுவனுக்கு ஒன்றாகவே அறிமுகமாயின.

1961இல் போர்த்துகீசு ஆட்சி முடிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு இலத்தீனிலிருந்து கொங்கணிக்கு மாறியது. பாடல் நூல்களும் செபநூல்களும் உரோமன் எழுத்திலேயே அச்சாயின. ஆனால் 1987ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், கொங்கணி என்பது தேவநாகரியில் எழுதப்படும் கொங்கணியே என்று வரையறுத்தது. 1990இல் தாய்மொழிவழித் தொடக்கப் பள்ளிகளுக்கே நிதியுதவி என்று மாநில அரசு முடிவெடுத்தபோது, ஆங்கிலவழியில் நடந்த மறைமாவட்டத் தொடக்கப் பள்ளிகள் கொங்கணிக்கு மாறின. நாடெங்கும் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபை இங்கே தாய்மொழிவழிக்குத் திரும்பியது குறிப்பிடத்தக்க நிகழ்வு.

அதனால் விளைந்ததொரு விந்தை. ஆறு வயதுக் குழந்தை வகுப்பறையில் கொங்கணியைத் தேவநாகரியில் படித்தது. ஞாயிறன்று ஆலயத்தில் அதே மொழியை உரோமன் எழுத்தில் பார்த்தது. செபம் ஒன்று, எழுத்து இரண்டு. 2011இல் ஆங்கிலவழிக்கும் நிதியுதவி அனுமதிக்கப்பட்டது. பெற்றோரின் விருப்பம் ஒருபுறம், தாய்மொழிக் கல்வி இயக்கத்தினரின் எதிர்ப்பு மறுபுறம் என்று அது நெடிய அரசியல் பூசலாயிற்று.

ஆங்கிலம் கற்கும் குழந்தைக்கு உரோமன் எழுத்து எளிதாகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். அப்படியன்று. கொங்கணி உரோமன் எழுத்துமுறை போர்த்துகீசு மரபைப் பின்பற்றியது. அதில் ‘எக்ஸ்’ என்னும் எழுத்துக்கு ‘ஷ’ ஒலி. சொல்லிறுதி ‘எம்’ தனியே ஒலிக்காமல், முன்னுள்ள உயிரை மூக்கொலியாக்குகிறது. ஆங்கில வாசிப்பு மட்டும் பழகிய குழந்தை, பாட்டியின் செபநூலைப் பிழையாகவே படிக்கும். அதைத் திருத்த ஒரு பாட்டியோ மறைக்கல்வி ஆசிரியரோ அருகில் இருக்கவேண்டும்.

அரசியலமைப்பின் 28(3) பிரிவின்படி, அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் இசைவின்றி எந்தச் சிறுவரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்ய இயலாது. 1559இன் ஆணையை நினைவில் கொண்டோருக்கு அப்பிரிவின் அருமை விளங்கும். வற்புறுத்தலைச் சட்டம் தடுக்கிறது. விரும்பிக் கற்கும் செபத்தின் மொழியைக் காப்பது சட்டத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று. கோவாக் கத்தோலிக்கர் நன்றி சொல்லும் தொடர் ‘தேவ் பொரெம் கொரும்’. கடவுள் நன்மை செய்வாராக என்பது பொருள். அன்றாட நன்றியே அங்கு ஒரு செபம். அதன் இரு சொற்களின் இறுதியில் நிற்கும் ‘எம்’மை மூக்கொலியாகச் சொல்லத் தெரிந்த குழந்தைகள் இருக்கும்வரை, 1684இன் ஆணை தோற்றுக்கொண்டே இருக்கும்.