மட்டக்களப்புக் கரையும் பாய்மரப் பயணமும்

மட்டக்களப்பு நகருக்கு வடபால், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த ஊர் அமிர்தகழி. மாமாங்கேசுவரர் ஆலயத்தாலும் ஆடியமாவாசைத் தீர்த்தத்தாலும் பெயர்பெற்ற தலம் அது. ‘கழி’ என்பது கடல்நீர் உட்புகுந்து தேங்கும் நீர்நிலையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஊரின் பெயரே அதன் இயற்கையைச் சொல்லிவிடுகின்றது. ஒருபுறம் அமைதியான வாவி. மறுபுறம் நிலத்தின் மறைவு எதுவுமின்றி வங்காள விரிகுடாவுக்கு நேரே திறந்துகிடக்கும் கடற்கரை. இவ்விரண்டையும் இணைக்கும் வாயில், சற்று வடக்கே பாலமீன்மடுவை அடுத்துள்ள முகத்துவாரம்.

இக்கரையோரமாகப் பாய்விரித்துச் செல்ல எண்ணிய மீகாமன் முதலிலே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது யாது? கப்பலுமன்று, வழியுமன்று, மாதமே.

ஐப்பசியிற் பருவம் மாறி மழை தொடங்கும். கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். அக்காலத்தில் நங்கூரம் இழுபட்டாலோ பாய் கிழிந்தாலோ, கப்பல் கரையிலேதான் மோதவேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை நிலைமை நேர்மாறு. தென்மேற்கிலிருந்து வரும் காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே சொரிந்துவிட்டு, வறண்ட கச்சானாக இப்பக்கம் இறங்கும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும்.

ஆயினும் இயற்கை இங்கு ஒரு முரண்பாட்டையும் வைத்திருக்கின்றது. கடல் அடங்கியிருக்கும் கோடையில் முகத்துவாரம் மணல் மேடிட்டு ஒடுங்கும். சில வேளைகளில் முற்றாக அடைபடும். மாரி வெள்ளம் அம்மணலை உடைத்து வாயிலைத் திறக்கும்போதோ, வெளியே கடல் கொந்தளிக்கும். வாயில் திறந்திருக்கக் கடல் இடங்கொடாது. கடல் இடங்கொடுக்க வாயில் அடைபட்டிருக்கும். ஆதலால் பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலே நங்கூரமிட்டன. வாவியினுள்ளே புளியந்தீவுக்குச் செல்லச் சிறு தோணிகளே உதவின.

வரலாற்று ஏடுகளிலுள்ள திகதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இவ்வுண்மை துலங்கும். ஒல்லாந்துத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இக்கரையை அடைந்தது 1602-ஆம் ஆண்டு மே மாத இறுதியில். அவருடைய கப்பல்கள் துறையிற் காத்திருக்க, அவர் தரைவழியே கண்டி சென்று விமலதருமசூரிய மன்னனைக் கண்டு மீண்டார். செப்டெம்பர் தொடக்கத்திற் புறப்பட்டுச் சென்றார். கச்சான் வீசிய மாதங்களே அவருடைய கப்பல்களுக்குக் காவலாயிருந்தன. புளியந்தீவிலே போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றியது 1638-ஆம் ஆண்டு மே 18-ஆம் திகதி. அதே மாதத்திலேயே இரண்டாம் இராசசிங்கனுடன் அவர்கள் உடன்படிக்கையும் செய்துகொண்டனர். மாரியில் எந்தக் கப்பலும் இக்கரைக்கு வந்ததில்லை என்பதன்று. வந்தவை துணிந்து வந்தன என்பதே பொருந்தும்.

பருவம் பகையானால் நேர்வது என்ன என்பதற்கு றொபேட் நொக்ஸின் கதை சான்று. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத் துறையில் நின்ற ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் பொருத்துவதற்காக அது திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அங்கே கண்டியரசனின் ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் மகனான நொக்ஸையும், மாலுமிகள் பலரையும் சிறைப்படுத்தினர். தந்தை சிறையிருப்பிலேயே 1661-இல் மாண்டார். மகன் ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து, 1679-இலேதான் தப்பினார். ஒரு நவம்பர்ப் புயல் ஒருவனுடைய இளமை முழுவதையும் கொண்டுபோயிற்று.

பருவத்தை அறிந்து பயன்கொண்டவர்களுள் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேன் குறிப்பிடத்தக்கவர். 1782 ஏப்பிரல் 12-ஆம் திகதி, திருகோணமலைக்குத் தெற்கே, ஆங்கிலத் தலைவர் ஹியூஸுடன் அவர் கடும்போர் புரிந்தார். திருகோணமலை அப்போது ஆங்கிலேயர் வசமிருந்தது. சேதமுற்ற கப்பல்களுடன் மொரீசியசுக்குத் திரும்பாது, ஒல்லாந்தர் வசமிருந்த மட்டக்களப்புத் துறைக்கே சுப்ரேன் வந்தார். நோயுற்ற மாலுமிகள் கரையிறக்கப்பட்டனர், கப்பல்கள் செப்பனிடப்பட்டன. யூன் 3-ஆம் திகதி படை மீண்டும் பாய்விரித்தது. அரணற்ற திறந்த துறை ஒரு கடற்படைக்கே புகலிடமானது, அவர் வந்த மாதத்தினாலன்றோ! அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் இக்கடலை விட்டகன்று சுமாத்திராவின் அச்சேக்குச் சென்றார். சென்னைத் துறையில் நின்ற ஹியூஸின் கப்பல்களோ அம்மாதப் புயலில் அல்லலுற்றன.

மாதத்தை அடுத்து எண்ணவேண்டியது ஒதுங்கிடம். அமிர்தகழிக் கரையிலிருந்து வடக்கே திருகோணமலை ஏறத்தாழ 60 கடல்மைல். இடையிலே கல்குடா வளைவும், முருகைக்கற் பார்கள் அலையை முறிக்கும் பாசிக்குடாவும், வாகரைக் கரையும் உண்டு. தெற்கே செல்பவனுக்கு இவ்வசதி குறைவு. சங்கமன்கண்டி முனையைக் கடந்தபின் கரை தென்மேற்காகத் திரும்பும். அப்பால் கடலினுள் மறைந்துகிடக்கும் பாஸஸ் பாறைத்தொடர்கள் கப்பல்கள் பலவற்றுக்கு எமனாயின. 1873-இலும் 1878-இலும் அப்பாறைகளின்மீது வெளிச்சவீடுகள் ஏற்றப்பட்ட பின்னரே அவ்வழியில் இரவுப் பயணத்தின் அச்சம் தணிந்தது.

பாலமீன்மடுவில் 1913-இல் வெளிச்சவீடு எழுந்தது. 1928-இல் புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தபின், நெல்லும் தேங்காயும் பாய்க்கப்பலையே நம்பியிருந்த நிலை மாறியது. ஆயினும் காற்றின் கணக்கு மாறவில்லை. 1978 நவம்பர் 23-ஆம் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் அதே வாடைக் காலத்திலேதான் வந்தது. வெளிச்சவீடு பாறையைக் காட்டும். கடற்படம் ஆழத்தைக் காட்டும். புறப்படும் நாளைக் காட்டுவது காற்றை அறிந்த கரையோர மக்களின் அனுபவமே. அதைக் கேட்டு நடந்தவர்களுக்கு இத்திறந்த கடற்கரையும் ஒரு துறைமுகமாயிருந்தது.