நாகதாளியைத் தின்ற பஞ்சுப்பூச்சி

சரவணை போன்ற தீவுப்பகுதி ஊர்களில் நாகதாளிப் பற்றை கண்டால் மடலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். சில மடல்களில் முள்ளடியில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். ஒன்றை ஈர்க்கால் நசுக்கினால் இரத்தச் சிவப்பாய்ச் சாறு வரும். அதுதான் கொச்சினியல் பூச்சி.

தலை, மார்பு, வயிறு, ஆறு கால், நாலு சிறகு என்று பள்ளிக்கூடத்தில் கீறிய பூச்சிப் படத்தோடு இதை ஒப்பிட்டால் ஏமாற்றந்தான். பெண்பூச்சி ஓர் உருண்டை. சிறகில்லை, கால்கள் பெயருக்கு இருக்கின்றன. ஊசிபோன்ற வாயை மடலில் குத்தினால் சாகும்வரை அங்கேயே இருந்து சாறு உறிஞ்சும். ஆணுக்கு ஒரு சோடிச் சிறகு உண்டு, உண்ண வாயில்லை. குஞ்சுகளோ உடலில் நீண்ட மெழுகு இழைகளோடு காற்றில் மிதந்து அடுத்த பற்றைக்குப் போய்விடும்.

இந்தப் பூச்சிக் குலம் இந்தப் பக்கம் முதலில் வந்ததே ஆள்மாறாட்டத்தால். ஆங்கிலப் படை அதிகாரிகளின் செஞ்சட்டைக்குச் சாயம் கொடுத்த மெக்சிக்கோ கொச்சினியல் ஸ்பானியரின் கையில் இருந்தது. அதுதான் என்று எண்ணி, 1795இல் கப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து வேறோர் இனத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். மேற்றோலைப் பார்த்திருந்தாலே கண்டுபிடித்திருக்கலாம்: மெக்சிக்கோ வளர்ப்பினத்தின்மேல் மாவு தூவினாற்போல மெல்லிய மெழுகு, இதற்கோ அடர்ந்த பஞ்சு. சாயம் தேறவில்லை. கள்ளிதான் அழிந்தது.

அழித்ததே பிறகு பயனாயிற்று. 1865ஆம் ஆண்டளவில், கள்ளியை ஒழிப்பதற்கென்றே அந்தப் பூச்சியை இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு களையைக் கொல்ல நாடுவிட்டு நாடு பூச்சி கொண்டுபோன முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், 1896இல் பூச்சியியலாளர் ஈ. ஈ. கிரீன் இதற்கு இட்ட விஞ்ஞானப் பெயரில் 'சிலோனிக்கஸ்' ஏறிவிட்டது. பிரேசில்காரிக்கு இலங்கைப் பெயர்!

ஆனால் அது ஒருவகைக் கள்ளியைத்தான் தொடும். கரையோர நாகதாளியை ஏறெடுத்தும் பார்க்காது. நாகதாளியை ஒழிக்க 1924இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னோர் இனம் இலங்கைக்கு வந்தது. இரண்டு ஆண்டில் இங்கிருந்து தென்னிந்தியாவுக்கும் போய், அங்கே பெரும்பரப்பில் பற்றைகளை வாடவைத்தது.

நாகதாளி முற்றாக ஒழியவில்லை. வெயிலையும் எதிரிகளையும் தடுக்கும் பஞ்சுக் கவசம் பெருமழைக்குத் தாங்காது. மாரியில் பூச்சி கழுவுண்டு போக, எஞ்சிய மடல்களிலிருந்து பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும்.