நியாயப்பிரமாணமும் நீதியும்: அப்புத்தளைத் தோட்டப்புறக் கிறித்தவம் பற்றிய ஒரு நோக்கு

சமயங்களின் சமூக வரலாற்றை ஆராய்வோர் எதிர்நோக்கும் பிரச்சினைகளுள் ஒன்று, ஒரு சமயத்தின் போதனைக்கும் அதனைப் பேணும் நிறுவனத்தின் நடைமுறைக்கும் இடையே காணப்படும் முரண்பாடாகும். கிறித்தவத்தைப் பொறுத்தவரை இம்முரண்பாடு வெளியாரால் மட்டும் சுட்டப்பட்ட ஒன்றன்று. அதன் மூலநூலிலேயே அது பேசப்படுகின்றது. மத்தேயுவின் நற்செய்தி இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் இயேசு வேதபாரகரையும் பரிசேயரையும் கடிந்துரைக்கின்றார். கறிப்பூண்டிலும் சீரகத்திலுங்கூடப் பத்திலொரு பங்கைக் கணக்குத் தவறாது அளந்து கொடுப்போர், நீதி, இரக்கம், விசுவாசம் என்னும் கனமானவற்றைக் கைவிட்டனர் என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

புறச்சடங்கு பொய், அகவிசுவாசமே மெய் என்பதே இப்பகுதிக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். இவ்விளக்கம் போதுமானதா என்பதனை ஊவாத் தோட்டங்களின், சிறப்பாக அப்புத்தளைப் பகுதியின், வரலாற்றைக் கொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1854ஆம் ஆண்டிலே தோட்டத்துரைமாரின் முன்முயற்சியாலும் சந்தாப் பணத்தாலும், சர்ச் மிஷனரிச் சங்கத்தின் துணையுடன், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. இவ்வமைப்பின் பெயரே அதன் வர்க்க உறவுகளைப் புலப்படுத்துவதாகும். உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வருவிக்கப்பட்டனர். அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் வேதம் வாசித்துப் பிரசங்கித்தனர், எழுத்தறிவும் புகட்டினர். அவர்களின் உழைப்பையோ உள்ளத்தூய்மையையோ நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆயினும், சந்தா செலுத்துவோர் துரைமாராயிருக்க, பிரசங்கம் கேட்போர் அத்துரைமாரின் தொழிலாளராயிருந்தனர் என்பது மனங்கொளத்தக்கது. கூலிபற்றியும் கடன்பற்றியும் பேச அப்பீடத்தில் எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

இக்காலத்துச் சட்டத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உரிய முன்னறிவித்தலின்றித் தொழிலாளி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கங்காணியின் கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, தொழிலாளரைத் தோட்டத்திற்குத் தோட்டம் கைமாற்றுங் கருவியாயிற்று. இத்தண்டனை விதிகளும் துண்டு முறையும் 1920களின் தொடக்கத்திலேயே ஒழிக்கப்பட்டன. அச்சட்டம் பிறந்து நான்கு ஆண்டுகளின் பின், 1869இல், அப்புத்தளையிலே புனித அந்திரேயா ஆலயம் எழுந்தது. ஆலயமும் சட்டமும் ஒரே சமூகத்தின் இருவேறு தூண்களாக நின்றன. ஞாயிறன்று ஆராதனைக்குச் சென்ற துரை, திங்களன்று ஓடிப்போன தொழிலாளிக்கெதிராக வழக்குத் தொடர்ந்தால், அவன் எச்சட்டத்தையும் மீறியவனல்லன். இங்கு நாம் காண்பது சட்டத்தை மீறும் வேடதாரியை அன்று. சட்டத்தைப் பிழையின்றிக் கைக்கொள்ளும் பரிசேயனையே.

இத்துரைமாரிடம் அகவிசுவாசம் இருக்கவில்லை எனக் கொள்வது எளிது. ஆனால் வரலாற்றுக்குப் பொருந்தாது. சர்ச் மிஷனரிச் சங்கத்தை உருவாக்கிய நற்செய்தி இயக்கமே, சடங்கினும் இதயத்தின் மறுபிறப்பை வலியுறுத்திய இயக்கமாகும். அகவிசுவாசம் அங்கு குறைவுபடவில்லை. விசுவாசம் அகத்தோடு நின்றமையே குறை. ஆன்மா இரட்சிக்கப்பட வேண்டியதாயிற்று. ஆன்மா குடியிருந்த உடலோ, அவ்வுடல் குடியிருந்த லயத்து அறையோ இரட்சிப்பின் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. எனவே, சடங்கைப் போலவே அகவிசுவாசமும் நீதியின் கோரிக்கையிலிருந்து தப்பியோடும் புகலிடமாகலாம் என்பதனை இவ்வரலாறு காட்டுகின்றது. மத்தேயுவின் வாசகத்தில் விசுவாசம் தனித்து நிற்கவில்லை, நீதியோடும் இரக்கத்தோடும் சேர்த்தே எண்ணப்பட்டது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

அப்புத்தளையின் புகழ்பெற்ற ஆடிசம் மாளிகையும் இவ்வகையில் கருதத்தக்கது. பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரரும், கென்ற் மாவட்டத்து ஆடிசம் பங்குக் குருவின் புதல்வருமான சேர் தோமஸ் வில்லியேர்ஸ் 1931இல் அதனைக் கட்டினார். தந்தையார் குருப்பணி ஆற்றிய ஊரின் பெயர் இம்மலைமேல் மாளிகைக்குச் சூட்டப்பட்டது. அம்மாளிகை எழுந்த காலம், உலகப் பொருளாதார மந்தத்தால் தோட்டத் தொழிலாளரின் கூலி வெட்டப்பட்ட காலமுமாகும். 1960களின் தொடக்கத்தில் அது சில்வெஸ்திரீன் பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாயிற்று.

அச்சபையைச் சேர்ந்த ஒருவரே இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நமக்குக் காட்டுகின்றார். 1972 டிசம்பரில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது, கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார அவர்கள், வளமிக்க கண்டியை விடுத்து வறிய பதுளையை ஏற்றார். 1975இல் பண்டாரவளையில் அவர் நிறுவிய சேவக செவன, குருமாணவரை மதிற்சுவருக்குள் அடைத்துப் பயிற்றாமல், மக்களிடையே வாழ்ந்து கற்கச் செய்தது. 1982இல் அவர் மறையும்வரை இம்முயற்சி தொடர்ந்தது. ஒரு தனிமனிதரின் பண்பு நிறுவனத்தின் வர்க்கச் சார்பை மாற்றிவிடாது என்பது உண்மையே. எனினும், விசுவாசம் அகத்திலிருந்து புறப்பட்டு லயத்து வாசலை அடையலாம் என்பதற்கு அது சான்றாகும்.

சமயம் மக்களுக்கு அபின் என்ற மார்க்ஸின் கூற்றை மட்டும் நினைவிற் கொள்வோர், 1844ஆம் ஆண்டின் அதே கட்டுரையில், சமயத் துயரம் மெய்யான துயரின் வெளிப்பாடும் அத்துயருக்கெதிரான கண்டனமுமாகும் என்று அவர் கூறியதை மறந்துவிடுகின்றனர். லயத்து அறையில் மண்ணெண்ணெய் விளக்கின்முன் செபித்த தொழிலாளப் பெண்ணின் விசுவாசத்தையும், மாளிகையிலே செபித்த துரையின் விசுவாசத்தையும் ஒரே அளவுகோலால் அளத்தல் விஞ்ஞானபூர்வமான ஆய்வாகாது.

சட்டத்தின் எழுத்தைக் காத்து நீதியைக் கைவிடுதல் குடியேற்றவாதத்தோடு முடிந்துவிடவுமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையின் அல்லது பாட்டன், பூட்டனின் பிறப்பை நிரூபிக்குமாறு, அத்தகைய பத்திரங்கள் இல்லாத மக்களிடம் கேட்டது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்தாயிற்று, கடமை முடிந்தது என்னும் மனப்பாங்கும் கறிப்பூண்டில் பத்திலொன்று அளந்த மனப்பாங்கும் வேறல்ல.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். பரிசேயத்தனம் கிறித்தவருக்கு மட்டும் உரியதன்று. சூத்திரங்களைப் பிழையின்றி ஒப்புவித்து, லயத்துக் கூரையின் ஒழுக்கைக் காணாத வேதபாரகர் முற்போக்கு அணியிலும் உளர். கனமானவை எவை என்ற கேள்வி நம்மை நோக்கியும் எழுப்பப்படுகின்றது. அதற்கு நாம் அளிக்கும் விடை கட்டுரைகளால் மட்டும் அமையாது.