ஹைதராபாத் வாத்தியார்

போன வாரம் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த பேரன், "தாத்தா, நம்ம இந்தியா எப்பவாவது ஜெயிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டான். சையது அப்துல் ரஹீமைப் பற்றிச் சொன்னேன்.

ஹைதராபாத்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1950 முதல் நம் தேசிய அணிக்குப் பயிற்சியாளர். 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம்.

என் மனதில் நிற்பது 1962 ஜகார்த்தாதான். ரஹீமுக்குப் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை ஓர் இந்திய அதிகாரி கண்டித்துவிட, அந்த ஊர் ஜனங்களுக்கு நம்மவர்கள் மேல் ஒரே கோபம். போதாக்குறைக்குத் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல். வேறு யாராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீமோ முன்வரிசைக்கு அனுப்பினார்! அரையிறுதியிலும் கோல், இறுதியிலும் கோல். பி.கே.பானர்ஜி இன்னொன்று போட, கோல் கம்பத்தில் நம் பீட்டர் தங்கராஜ் காவல் நிற்க, அதே கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம்.

அடுத்த வருஷம் ஜூனில் ரஹீம் போய்விட்டார்.

"அப்புறம்?" என்றான் பேரன். அப்புறம் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்கு வரவேயில்லை.