தாம்பூலமும் மனமும்



வன்னி நாட்டு வீடொன்றின் படலையைத் திறந்து உட்செல்லும் விருந்தினருக்கு முதன்முதலில் நீட்டப்பெறுவது வெற்றிலைத் தட்டம். மணம் பேசுவதற்கும் மனத்தாங்கலைத் தீர்ப்பதற்கும் முதலில் வேண்டப்படுவது வெற்றிலையும் பாக்குமே. சித்திரைப் புத்தாண்டில் பெரியோர் தரும் கைவிசேடமும் வெற்றிலையில் வைத்தே தரப்படுகின்றது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்து வைகாசிப் பொங்கலுக்கு முன்னோடியாக நிகழும் சடங்கின் பெயரே பாக்குத்தெண்டல் என்பதாகும். அந்தக் கண்ணகி, மதுரையில் ஆயர் சேரியிலே கோவலன் உண்ட இறுதி உணவின் பின்னர், தன் கையால் அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளித்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது.

இலைகளும் காய்களும் எத்தனையோ இருக்க, இவை இரண்டும் மட்டும் அன்பின் அடையாளமானது எதனால்? இவை மனத்தைத் தொடுவன என்பதனாலேயே எனலாம்.

1443ஆம் ஆண்டில் ஹிராத் நகரத்து மன்னரான ஷாருக்கின் தூதராக விசயநகரம் வந்தவர் அப்துர் ரசாக். அரசவையில் தாம்பூலம் பெற்ற அவர், அது முகத்தை மலரச் செய்கிறது என்றும், மதுவைப் போன்றதொரு கிளர்ச்சியைத் தருகிறது என்றும், பசியைத் தணிக்கிறது என்றும் எழுதி வைத்தார். புதிதாக வந்த அயலவர் ஒருவரின் கண்ணுக்குத் தோன்றிய மகிழ்ச்சி இது.

அதன் மறுபக்கத்தைக் கண்டவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660இல் கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்ட அவர், பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். 1679இல் தப்பியோடி, வன்னிக்காட்டின் ஓரமாக அருவியாற்றங்கரை வழியே நடந்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில் வெற்றிலை பற்றி அவர் கூறுவது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இந்நாட்டு மக்கள் உணவும் உடையும் இல்லாதிருப்பினும் இருப்பர், வெற்றிலை இல்லாதிருக்க மாட்டார்கள் என்கிறார் அவர். நெடுநாட் பழக்கத்தினால் தாமும் அந்நிலையை எய்தியதாக ஒளிக்காமல் சொல்லுகிறார். ரசாக் எழுதியது விருந்தினரின் சொல். நொக்ஸ் எழுதியது பழகியவரின் சொல். முன்னவருக்கு அது இன்பம். பின்னவருக்கு அது தேவை.

இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே உடலில் நிகழ்வதைப் பிற்கால விஞ்ஞானம் விளக்கிற்று. 1888இல் ஜேர்மனிய இரசாயன அறிஞர் யான்ஸ் பாக்கிலிருந்து அரிக்கோலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். நரம்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறப் பயன்படுத்தும் இயற்கைப் பொருளொன்றை ஒத்து அது தொழிற்படுகின்றது. சுண்ணாம்பு சேரும்போது அது எளிதில் வாயின் மென்தோலினூடே இரத்தத்திற் கலக்கின்றது. உமிழ்நீர் பெருகுகிறது; உடல் வெம்மை கொள்கிறது; சோர்வு அகன்று விழிப்பும் மெல்லிய களிப்பும் உண்டாகின்றன. புதியவருக்கோ தலை சுற்றி வியர்த்துக் கொட்டும். பாக்குச் சொக்கிவிட்டது என்று நம் முதியோர் சொல்வது இதனைத்தான்.

ஆயின், நாள்தோறும் பலமுறை மெல்லுவோரின் நிலை வேறு. நரம்பு அப்பொருளுக்குப் பழகிவிடுகிறது. கிடைக்காத வேளையில் எரிச்சலும் பதைப்பும் மனச்சோர்வும் கவனச் சிதறலும் தலைதூக்குகின்றன. மீண்டும் ஒரு வாய் போட்டதும் அவை அடங்குகின்றன. அவ்வாறு அடங்குவதையே மகிழ்ச்சி என்று மனிதன் எண்ணுகிறான். உண்மையில் அவன் பெறுவது புதிய இன்பமன்று. பழக்கம் தானே உண்டாக்கிய துன்பத்தின் தற்காலிக நீக்கமே. புகையிலையும் சேர்ந்துவிட்டால் தளை இரட்டிப்பாகிறது.

இது மனத்தோடு நின்றுவிடும் கேடும் அன்று. புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோய் விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாத தாம்பூலமும், பாக்கு மட்டுமே கூட, அத்தகையதே என்று 2004இல் அது வெளியிட்ட நூல் கூறிற்று. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே. மென்று பயன்படுத்தும் புகையிலைப் பொருட்களை 2016இல் நம் நாட்டு அரசு தடைசெய்தமைக்கும் காரணம் இதுவே.

வயலில் நாற்று நடுவோரும், காட்டில் விறகு வெட்டுவோரும், கடலில் வலை இழுப்போரும் பசியையும் அலுப்பையும் மறப்பதற்காகவே கொட்டைப்பெட்டியைத் திறக்கின்றனர். போரினாலும் இடப்பெயர்வினாலும் நலிந்த மக்களுக்கு அது கைக்கெட்டிய ஆறுதலாகவும் இருந்தது. ஆதலின் அவர்களைப் பழித்துரைப்பது முறையன்று. அலுப்புக்கு ஓய்வும், பசிக்கு உணவும், துயருக்கு ஆறுதலான சொல்லும் கிடைக்கச் செய்வதே அவர்களுக்கு நாம் செய்யும் உதவி. மெல்லுவோர் தம் வாயில் வெண்படலமோ ஆறாத புண்ணோ கண்டால், அல்லது வாயைத் திறப்பதே கடினமானால், காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். மாணவரின் சட்டைப்பையில் பாக்குப் பொட்டலம் காணப்படின், அதனைச் சிறுவர் விளையாட்டென்று பெற்றோர் விட்டுவிடலாகாது.

நம் முன்னோர் வெற்றிலையைப் போற்றியது பெரிதும் கொடுக்கும் கையைக் கருதியே. கண்ணகி அளித்ததில் நாம் காண்பது அவளுடைய அன்பு. பாக்கின் மயக்கம் அன்று. தட்டம் நம் முற்றத்தில் என்றும் இருக்கட்டும். வெற்றிலையை ஏற்று, கண்ணில் ஒற்றி, மெல்லாது திருப்பி வைத்தாலும் மரியாதை குறைவதில்லை. வழக்கத்தைக் காப்போம், பழக்கத்தைக் கைவிடுவோம்.