மஞ்சுக்குக் கணக்கு வைத்தது யார்?

"அப்பல்லாம் மார்கழியில பத்து மணி ஆனாலும் மஞ்சு விலகாது. ஸ்டோர் வாசல்ல நின்னா எதிர்த்த மரம் தெரியாது."

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் முப்பது வருஷம் கங்காணியாக இருந்த என் பெரியப்பா அடிக்கடி சொல்வது இது. இதை எண்ணாகப் பார்க்கலாமே என்று தேட ஆரம்பித்தேன்.

பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்பார்கள். அதை மணிக்கு மணி அளப்பது விமான நிலையங்கள். டெல்லி மூடுபனிக்குப் பல பத்தாண்டுக் கணக்கு இருப்பது விமானத்துக்காக, கோதுமைக்காக இல்லை. ஏலமலையில் விமானம் இறங்குவதில்லை. ஆகவே மறைமுக சாட்சிகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

முதல் சாட்சி வெப்பமானி. பாம்பாடும்பாறையில் 1956 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏலமலையின் சுமார் முப்பது வருட வானிலைப் பதிவுகளை அலசிய ஆய்வுகள், இரவு வெப்பம் கூடுவதையும் மழை நாட்கள் குறைவதையும் சொல்கின்றன. இரவு குளிராவிட்டால் காற்றிலுள்ள ஈரம் எளிதில் பனியாகத் திரளாது. பெரியப்பா பேச்சு வெறும் பழங்கதை இல்லை என்று இங்கேதான் எனக்குப் பட்டது.

இரண்டாவது சாட்சி மரம். ஏலச்செடி காட்டு நிழலில் வளர்வது. திருவிதாங்கூர் காலத்தில் பெருமரங்களை விட்டுவிட்டு, அடிக்காட்டை மட்டும் வெட்டித்தான் பயிர் செய்தார்கள். பிறகு கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் 1990களில் பரவியது. வெளிச்சம் கூடினால் காயும் கூடும் ரகம் அது. மரக் கவாத்தும் கூடியது. யாரையும் குறை சொல்ல முடியாது, கடன் இருந்தது, விலையும் இருந்தது.

ஆனால் மஞ்சை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குவது அந்த மர இலைகள்தான். தை முதல் பங்குனி வரை மழை அபூர்வம். செடி அந்த ஈரத்தையும் நிழலையும் நம்பித்தான் கோடையைத் தாண்டும். கொப்பை வெட்டினால் வெயில் தரையைத் தொடும், ஈரம் சீக்கிரம் காயும். 2024 கோடையில் இடுக்கியில் ஏலத்தோட்டங்கள் கருகியதை நாம் பார்த்தோம்.

மஞ்சு குறைந்ததில் உலகம் சூடானதன் பங்கு எவ்வளவு, நம் அரிவாளின் பங்கு எவ்வளவு? பிரிக்க முடியாது, கணக்கு வைக்கவில்லையே. போடியில் ஏலச்செடி கிடையாது. ஆனால் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் கூலிக்காரர்களுக்கும் ஏல மையத்துக்கும் சோறு அந்தச் செடிதான்.

உங்கள் வீட்டில் பழைய ஸ்டோர் நோட்டு கிடந்தால் புரட்டிப் பாருங்கள். மழை அளவுக்குப் பக்கத்தில் யாராவது "மஞ்சு" என்று எழுதியிருக்கலாம். இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.