கிருதுமால் யாருடைய நதி?

மதுரை என்றதும் நம் நினைவில் எழுவது வைகை. ஆனால் அந்நகருக்கு இன்னொரு நதியும் உண்டு. நாகமலைச் சரிவின் மழைநீரையும் துவரிமான் கண்மாயின் உபரி நீரையும் பெற்று, நகரின் தென்பகுதியை ஊடறுத்துக் கிழக்கே செல்லும் கிருதுமால்தான் அது. பாகவத புராணம் திராவிட நாட்டு நதிகளுள் ஒன்றாகக் கிருதமாலையைக் குறிக்கிறது. அது வைகையே என்பாரும் உளர். இச்சிறு நதியே என்பாரும் உளர். எவ்வாறாயினும், இன்று எல்லிஸ் நகரிலும் கீரைத்துறையிலும் இதனைக் காண்போர் நதியென்று சொல்லத் தயங்குவர். கழிவுநீர் வாய்க்கால் என்றே கருதுவர்.

இந்நிலை எங்ஙனம் நேர்ந்தது? முன்னாளில் நீரைப் பயன்படுத்தியவர்களே கண்மாயையும் கால்வாயையும் பேணி வந்தனர். கரை உடைந்தால் அடைப்பதும், வண்டல் சேர்ந்தால் வாருவதும் ஊரார் கடமை. இதற்குக் குடிமராமத்து என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரையை ஆண்ட யூசுப் கான், போர்களுக்கிடையிலும் ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார் என்பது வரலாறு. ஆள்வோரின் பொருளும் குடிகளின் உழைப்பும் இணைந்தபோது நீர் ஓடிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வழக்கம் தளர்ந்தது. 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், வழக்கப்படி உழைக்க மறுப்போரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு வசூலிக்க வழி செய்தது. மனமுவந்து செய்த கடமையைத் தண்டனையால் மீட்க முயன்ற சட்டம் அது. அதனால் பழைய வழக்கம் உயிர் பெறவில்லை. 2017இல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். நகரைக் கடந்தபின் கிருதுமாலை நம்பிச் சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்கள் உள்ளன. அவ்வூர் உழவர்கள் அதனைக் கைவிடவில்லை. வைகை நீரைக் கிருதுமாலில் திறந்துவிடுமாறு மனுக்கொடுத்தும் போராடியும் வந்துள்ளனர். அதன் பயனாக, விரகனூர் மதகணை வழியே நீர் வருங்காலங்களில் நதி அங்கே நதியாகவே ஓடுகிறது. நகரிலோ வயல்கள் மறைந்தன. நதியை நம்பியிருந்தோரும் மறைந்தனர். உரிமை பாராட்ட ஆளின்றிப் போன இடத்தில் கழிவும் ஆக்கிரமிப்பும் குடியேறின.

எனினும் நகரத்தாருக்கு நீர்வழிகளோடு உறவே இல்லை என்று எண்ணுவது பிழை. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில், வைகைக்கு வடக்கே செல்லூர்ப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. நீர் செல்ல வழியில்லையேல், அது வீட்டிற்குள்தான் வரும்.

எனவே, உழவருக்கு நதி பாசனமெனில் நகரத்தாருக்கு அது வடிகாலும் காப்பும் ஆகும். வீட்டுக் கழிவு நீர் நதியில் கலவாது பார்ப்பதும், கரையில் குப்பை கொட்டாதிருப்பதும், கரையோர இடத்தை அபகரிக்கத் துணை போகாதிருப்பதும் நகரத்தார் செய்யத்தக்க குடிமராமத்து. அரசு தூர்வாரலாம், வாரிய இடத்தை மீண்டும் நிரப்பாதிருக்க வேண்டியவர்கள் நாமே.